குமுதினியில் இல்லாத கமரா

நெடுந்தீவு மக்களுக்குக் கடலே தெரு. 1985 மே 15ஆம் நாள் காலை, அங்கிருந்து புறப்பட்ட குமுதினிப் படகைக் கடற்படையினர் நடுக்கடலில் மறித்தனர். பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குறைந்தது 23 பேர் மாண்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிந்தது. தீவக மக்கள் சொல்லும் தொகை அதனிலும் பெரிது. கமரா எதுவும் அங்கில்லை; உயிர் தப்பியோரின் வாய்மொழியே சான்று.

படம் இருந்திருந்தால் உலகம் நம்பியிருக்குமா? பின்னாளில் அதற்கும் விடை கிடைத்தது. ஈராக் பற்றிப் புலனாய்வு விவரணப்படங்கள் எடுத்த ஸ்கொட்லாந்துக்காரர் கெலும் மக்ரே. 2009 இறுதிப்போரில் படையினரே கைபேசியில் பிடித்த காட்சிகளையும் சாட்சியங்களையும் தொகுத்து, 'இலங்கையின் கொலைக்களங்கள்' என்ற படத்தை இயக்கினார். பிரித்தானியாவின் சனல் 4 அதை 2011 ஜூனில் ஒளிபரப்பியது. காட்சிகளை நிபுணர்கள் ஆராய்ந்து மெய்யென்றனர், அரசாங்கமோ பொய்யென்றது. 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்கு வந்த மக்ரே வடக்கே புறப்பட்டபோது, அவர் சென்ற ரயில் அநுராதபுரத்தில் ஆர்ப்பாட்டக்காரரால் மறிக்கப்பட்டது.

ஆக, படத்தையும் மறுக்கலாம். படத்துக்கும் வாய்ச்சொல்லே துணை. குமுதினியில் தப்பியவர்கள் முதுமை எய்திவருகின்றனர். அவர்கள் சொல்வதைப் பதிந்து வைக்க இன்னொரு மக்ரே வரவேண்டியதில்லை; அது நம் வேலை.