அனிமேஷனில் மனிதத் தசை இயக்கம்

கணினியில் உருவாக்கும் மனித உருவத்தின் தோலுக்கு அடியில் எலும்பு, தசை, கொழுப்பு என்று அடுக்குகளை அமைத்து, அவை இழுபடுவதையும் புடைப்பதையும் இயற்பியல் விதிப்படி கணக்கிடுவது தசை சிமுலேஷன்.

பழைய எளிய முறையில் தோல் எலும்புக்கூட்டோடு நேரடியாகப் பிணைக்கப்படும். வேகமான முறைதான், ஆனால் முழங்கை மடங்கினால் உட்புறம் சப்பிப்போகும், மணிக்கட்டு திரும்பினால் பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொள்ளும். உண்மைத் தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். அதனால் அதன் கன அளவு மாறுவதில்லை. நீளம் குறைந்தால் பருமன் கூடியே ஆகவேண்டும்.

தசையின் வடிவத்தை உடலின் நிலை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் உப்பளத்தில் தொழிலாளி நீண்ட கழியில் பொருத்திய பலகையால் பாத்தியில் படிந்த உப்பை வரப்புக்கு வாருகிறார். அதே கழியைச் சுமையின்றி இழுத்துக் காட்டினாலும் மூட்டுகளின் கோணங்களை ஏறத்தாழ அப்படியே கொண்டுவந்துவிடலாம். முன்கையும் முதுகும் மட்டும் அப்படி இறுகா. வழுக்கும் பாத்தியில் கால் ஊன்றும்போது கெண்டைக்காலின் தசையும் அதற்கு எதிர்ப்புறத் தசையும் ஒருசேர இறுகும். மூட்டசைவை மட்டும் பதியும் மோஷன் கேப்ச்சரில் இது சிக்காது. சுமையைத் தனியாகக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அந்தக் கணக்குக்கு அடிப்படை உடலியலிலிருந்து வந்தது. சுருங்கும் வேகம் கூடக்கூடத் தசையின் விசை குறையும் என்ற உறவை ஏ. வி. ஹில் 1938இல் சமன்பாடாக்கினார். இன்றைய மென்பொருள்கள் தசையைச் சிறு நான்முகிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விசையைக் கணக்கிடுகின்றன. வேட்டா டிஜிட்டல் நிறுவனத்தின் ‘டிஷ்யூ’ என்ற இத்தகைய அமைப்புக்காக அதன் உருவாக்குநர்கள் 2013இல் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருது பெற்றனர்.

மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரியில் சில காட்சிகள் படமாக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்தின் கணினிப் புலியும் எலும்பு, தசை, தோல் என்ற வரிசையிலேயே உருவானது. புலிக்கு ரோமம் பல குறைகளை மறைக்கும். மனித உருவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014 மே 23இல் வெளியான ‘கோச்சடையான்’ இதற்குத் தமிழ் எடுத்துக்காட்டு. நடிகர்களின் அசைவு மோஷன் கேப்ச்சரில் பதிவானபோதும், முகங்கள் விறைப்பாக இருப்பதாக விமர்சனம் எழுந்தது. அது ஓரளவு எதிர்பார்க்கக்கூடியதே: முகத் தசைகள் பலவும் எலும்பில் தொடங்கித் தோலிலேயே முடிபவை, மெல்லியவை. அதற்கும் மேலாக, ரஜினிகாந்தின் முகம் பார்வையாளர்களுக்கு மனப்பாடம். முகபாவங்களைத் தசைவாரியாகப் பிரித்து எக்மனும் ஃப்ரீசனும் 1978இல் வெளியிட்ட குறியீட்டு முறையே இத்துறையின் பொது அளவுகோலாக இன்றும் பயன்படுகிறது.

முழுச் சிமுலேஷனில் ஒரு சட்டகத்துக்கே நெடுநேரம் ஆகலாம். அதனால், முன்கூட்டிக் கணக்கிட்ட வடிவங்களை இயந்திரக் கற்றலுக்குப் பயிற்சியாகக் கொடுத்து, விளையாட்டுகளில் உடனுக்குடன் தசையை அசைக்கும் முறை பரவிவருகிறது. பயிற்சியில் சுமை தூக்கும் அசைவுகள் இடம்பெறாவிட்டால், அவற்றுக்குரிய புடைப்பும் இறுக்கமும் விளைவில் சரியாக வருவதில்லை.