சீனத்துச் சீர்திருத்தமும் எமது தீவுகளும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்போர்க்கு நயினாதீவு கண்ணெதிரே தோன்றும். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். தேசிய மின்வலையோடு தொடுக்கப்படாத இத்தீவுகளுக்கு நெடுங்காலம் ஒளி தந்தவை டீசல் மின்பிறப்பாக்கிகளே. 2021 ஜனவரியில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிற் காற்றையும் சூரிய ஒளியையும் கொண்டு மின்னாக்கும் பணியைச் சீன நிறுவனமொன்றிடம் ஒப்படைக்க இலங்கை அமைச்சரவை இசைந்தது. உடனே இந்தியா ஆட்சேபித்தது. எம் கடற்கரையில் ஒரு வல்லரசின் நிழல் விழுந்ததை அன்றுதான் பலரும் உணர்ந்தனர். அவ்வல்லரசு உருவான வரலாறு எமக்கு அந்நியமானதன்று.

1978 டிசம்பரிற் கூடிய சீனப் பொதுவுடைமைக் கட்சியின் மத்திய குழுவே சீர்திருத்தத்தின் தொடக்கம் என்பர். ஆயின், அதே காலத்தில் அன்ஹுய் மாகாணத்துச் சியாவோகாங் கிராமத்தில் 18 உழவர் குடும்பங்கள் பொதுநிலத்தை இரகசியமாகத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டன. அரசுக்குரிய பங்கைச் செலுத்தியபின் எஞ்சுவது குடும்பத்துக்கு. தலைவர்கள் சிறை சென்றால் அவர்தம் பிள்ளைகளை ஏனையோர் வளர்ப்பர். இவ்வளவே அவர்களது உடன்பாடு. பசி எழுதுவித்த அவ்வேட்டைக் கட்சி பின்னர் கொள்கையாக ஏற்றது எனலாம். 1984 அளவிற் கம்யூன்கள் பெரும்பாலும் கலைந்தன. 1980இல் சென்சென் முதலிய நான்கு விசேட பொருளாதார வலயங்கள் அமைந்தன.

இலங்கை இதில் ஓராண்டு முந்தியது! 1977இல் ஜே. ஆர். ஜயவர்தனா அரசு இறக்குமதிக் கதவைத் திறந்தது. கட்டுநாயக்கா வலயம் 1978இல் எழுந்தது. முந்திய அரசின் இறக்குமதித் தடையால் தழைத்த யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் இதனால் நொந்தனர். சீனத்திற் சீர்திருத்தம் உழவனிடமிருந்து தொடங்க, இங்கே அது அவனைத் தாக்கித் தொடங்கிற்று. இவ்வேறுபாடே முதன்மையாக நோக்கற்பாலது.

அரசியலிலோ இரு நாடுகளும் வியக்கத்தக்க அளவு ஒத்துள்ளன. மக்களாட்சியை ஐந்தாவது நவீனமயமாக்கல் எனக் கோரிய வெய் சிங்செங் 1979இற் சிறைப்பட்டார். 1989 ஜூனில் பெய்ஜிங்கில் மாணவர் மீது படை ஏவப்பட்டது. இலங்கையிலும், சந்தையைத் திறந்த கையே 1978 யாப்பினால் நிறைவேற்று அதிகாரத்தை ஒருவரிடம் குவித்தது. சனாதிபதியின் பதவிக்கால வரம்பை இலங்கை 2010இல் நீக்கி 2015இல் மீட்டது. சீனம் 2018இல் நீக்கியது, மீட்கவில்லை. சந்தை விரிந்தால் அரசியலுரிமையும் தானே விரியும் எனும் கூற்றை யான் ஏற்காமைக்குக் காரணம் இதுவே.

2021 டிசம்பரில் அம்மின்திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாக அதனைப் பொறுப்பேற்றது. இந்திய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில். அவ்வாண்டுகளில் ஏடுகள் பேசியவை பெய்ஜிங்கினதும் புதுடில்லியினதும் பாதுகாப்பு நலன்கள். எங்கள் துறைமுகப்பிற் படகுக்குக் காத்திருந்தோர் பேசியது, இரவிலே மின்விசிறி சுழலுமா என்பதை.