செம்பு: உற்பத்தியும் சந்தையும்

மின்சாரத்தைக் கடத்தும் ஆற்றலில் வெள்ளி ஒன்றற்கே பின்தங்கியதாகிய செம்பு, 1877-இல் நிறுவப்பெற்ற லண்டன் உலோகச் சந்தையில் டன்னுக்கு இத்தனை டாலர் என விலை குறிக்கப்பெற்று, உலக வாணிகத்தில் பெரும்பாலும் அவ்விலையையே பிரமாணமாகக் கொண்டு கைமாறுகிறது.

சுரங்க உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தரும் சிலி தேசமே இதில் முதன்மையானது. அதன் அட்டகாமா பாலைவனத்திலுள்ள எஸ்கோந்திதா, செம்புச் சுரங்கங்களுள் மிகப் பெரியது. தாது கண்டறியப்பெற்ற நாள் தொட்டுப் புதிய சுரங்கமொன்று பலன் தருதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலும் செல்வதாலும், பழைய சுரங்கங்கள் பலவற்றில் தாதுவின் தரம் நூற்றுக்கு ஒரு பங்கினும் தாழ்ந்துவிட்டமையாலும், விலை ஏறிய மாத்திரத்தில் உற்பத்தி ஏறுவதில்லை. இச்சந்தையின் கொந்தளிப்புகளுக்கு மூலகாரணம் வியாபாரிகளின் பேராசையினும் இதுவே எனலாம். 1967-இல் சிலி, பெரு, ஜாம்பியா, காங்கோ ஆகிய நாடுகள் சங்கம் அமைத்து விலையை வசப்படுத்த முயன்றும், பிற நாடுகளில் உற்பத்தி பெருகியமையாலும், பழைய செம்பை உருக்கி மீட்கும் மார்க்கம் எங்கும் திறந்திருந்தமையாலும், அந்நோக்கம் சித்திக்கவில்லை.

தேவையைப் பொறுத்தமட்டில், சுத்திகரித்த செம்பில் பாதிக்கு மேல் நுகரும் சீனாவின் நிலையே பிரதானம். 2008-இன் நடுவில் 8,000 டாலருக்கு மேல் நின்ற விலை, உலகப் பொருளாதார நெருக்கடியால் அவ்வாண்டிறுதிக்குள் 3,000 டாலருக்கும் கீழே சரிந்தது. 2024 மே மாதத்திலோ 10,000 டாலரைக் கடந்தது. மின்சார வாகனங்களுக்குச் சாதாரண மோட்டார் வண்டிகளினும் பன்மடங்கு செம்பு வேண்டியிருப்பது இவ்வேற்றத்தின் காரணங்களுள் ஒன்று.

2018-இல் தூத்துக்குடி உருக்காலை மூடப்பெற்ற பின்னர், சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா அதனை இறக்குமதி செய்யும் நிலையை அடைந்தது.