கம்போங் கிளாம் அரண்மனை

சிங்கப்பூரின் கம்போங் கிளாம் வட்டாரத்தில், சுல்தான் கேட் என்னும் சிறு தெருவின் முடிவில் ஈரடுக்கு மாளிகை ஒன்று நிற்கின்றது. மலாய் மொழியில் அதனை ‘இஸ்தானா’ என்பர். அரண்மனை என்பது பொருள். ஆயினும், அம்மாளிகை எழுந்த காலத்தில் சிங்கப்பூர்த் தீவின்மீது அதன் தலைவர்க்கு இருந்த உரிமை முன்னரே கைமாறிவிட்டது. இம்முரணின் வேர் 1819ஆம் ஆண்டில் உள்ளது.

ஜொகூர்–ரியாவ் அரசர் மூன்றாம் மஹ்மூத் 1812இல் மறைந்தார். மூத்த மைந்தர் ஹுசேன் திருமணத்தின் பொருட்டுப் பகாங் சென்றிருந்த வேளையில், பூகிஸ் தலைவர்கள் இளையவரான அப்துல் ரஹ்மானை அரியணையேற்றினர். முடியிழந்த மூத்தவரை வரவழைத்து, 1819 பிப்ரவரி 6ஆம் நாள் சுல்தானென அறிவித்தார் ராஃபிள்ஸ். அன்பினால் அன்று, கிழக்கிந்தியக் கும்பெனியின் வணிக நிலையத்திற்கு இசைவு தரும் கையொப்பம் வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர் வழங்க உடன்பாடாயிற்று.

படகின் இடுக்குகளை அடைக்கப் பயன்படும் பட்டையைத் தரும் கிளாம் மரத்தால் பெயர்பெற்ற இவ்விடத்தில் சுல்தானின் குடியிருப்பு அமைந்தது. ஆனால் ஆட்சியாளர் கிராஃபர்ட் அவ்வளாகத்தின் ஊடே சாலை போட்டார். தடுத்து நின்ற மதில் இடிக்கப்பட்டது. அரசரின் அதிகாரம் எந்த அளவிற்கு இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1824 ஆகஸ்டில் ஏற்பட்ட உடன்படிக்கையால் சிங்கப்பூரும் சூழ்ந்த தீவுகளும் கும்பெனிக்கு நிரந்தரமாக உரியவாயின. ஹுசேன் பெற்றவை ஒருமுறைத் தொகையாக 33,200 ஸ்பானிய டாலரும் வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் 1,300 டாலருமே. அவர் 1835இல் மலாக்காவில் மறைந்தார்.

இன்று காணும் கல்மாளிகை அவருடைய மைந்தர் அலி, 1840ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் எழுப்பியது. மேலைநாட்டுக் கட்டடப் பாணியும் மலாய் மரபும் அதில் கலந்துள்ளன. நாடிழந்த குடும்பம் நிலையான இல்லத்தை அதன் பின்னரே கட்டிக்கொண்டது! 1855இல் அலியைச் சுல்தானென ஆங்கிலேயர் ஏற்றனர். ஆனால் அதே உடன்படிக்கையால் ஜொகூரின் ஆட்சியுரிமை தெமெங்கோங் டாயிங் இப்ராஹிமிடம் சென்றது. அலிக்கு எஞ்சியது கெசாங் என்னும் சிறு நிலப்பகுதி. பட்டம் ஒருவருக்கு, நாடு மற்றொருவருக்கு.

1877இல் அலி மறைந்த பின்னர் வாரிசு வழக்கு எழுந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில், சுல்தான் பதவிக்கு உரிமை கோரத்தக்கவர் எவருமிலர் என்றும் நிலம் அரசாங்கத்தைச் சேரும் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1904இல் இயற்றப்பட்ட சட்டம் வழித்தோன்றல்களுக்கு உதவித்தொகை வகுத்தது. உரிமையாளராயிருந்தோர் இவ்வாறு உதவித்தொகை பெறுவோராயினர். ஆயினும் அவர்கள் அங்கேயே வாழ்ந்தனர். தலைமுறைதோறும் குடும்பங்கள் பெருகின, மாளிகையோ பழுதுற்றது.

1999இல் அங்கு வாழ்ந்தோரை வேறிடம் குடியமர்த்த அரசாங்கம் முடிவு செய்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தம் முன்னோர் பிறந்து மறைந்த வளாகத்தை விட்டு அவர்கள் வெளியேறினர். செப்பனிடப்பெற்ற மாளிகை 2005இல் மலாய் மரபுடைமை நிலையமாக முறைப்படி திறக்கப்பட்டது. 2015இல் தேசிய நினைவுச்சின்னமெனவும் அறிவிக்கப்பட்டது. அரச குடும்பம் குடியிருந்த அறைகள் மலாய்ச் சமூகத்தின் வரலாற்றைக் கூறும் காட்சிக்கூடங்களாயின.