லேடீஸ் வாட்ச்

மந்தைவெளி மார்க்கெட் பக்கம், ஒரு மாடிப்படிக்கு அடியில் வாட்ச் ரிப்பேர் கடை. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ், அவ்வளவுதான் கடை. இறந்துபோன அம்மாவின் எச்.எம்.டி. சுஜாதாவை ஓடவைக்க எடுத்துப்போனேன். "ஜனதா, பைலட் இருந்தா குடுங்க மேடம், வாங்க ஆள் இருக்கு. லேடீஸ் வாட்ச்சை யாரும் கேக்கறதில்ல" என்றார். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பெண்களின் கைக்கடிகாரங்கள். உதிரிபாகத்துக்காம்.

எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூடுவதென்று 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தபின், பழைய எச்.எம்.டி.களைத் தேடுபவர்கள் பெருகிவிட்டார்கள். நான் பார்த்தவரை எல்லோரும் ஆண்கள். தங்கள் மணிக்கட்டுக்குச் சேராததை அவர்கள் வாங்குவதில்லை. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேகரிக்கப்படும் பொருளுக்குத்தானே பிறகு வரலாறு எழுதப்படுகிறது?

இத்தனைக்கும் கைக்கடிகாரம் பெண்களுக்காகத் தொடங்கிய பொருள். 1810-இல் நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் ராணியுமான கரோலின் மூரா, கையில் கட்டும் கடிகாரம் ஒன்றைப் பாரிஸின் பிரெகேவிடம் செய்யச் சொன்னார். 1868-இல் ஸ்விட்சர்லாந்தின் படேக் ஃபிலிப் ஹங்கேரியச் சீமாட்டி ஒருவருக்குச் செய்தது. அப்போதெல்லாம் ஆண்களின் கடிகாரம் சங்கிலியோடு கோட்டுப் பையில் கிடந்தது. மணிக்கட்டில் கட்டுவது வளையல் போட்டுக்கொள்வதைப் போல என்று நினைத்தார்கள். முதல் உலகப் போரில் அந்த நினைப்பு போயிற்று. பதுங்குகுழியில், கையில் துப்பாக்கியோடு சட்டைப்பையைத் துழாவ முடியாது. குறித்த நிமிடத்தில் தாக்குதல் தொடங்க வேண்டும். சிப்பாய்கள் மணிக்கட்டில் கட்டினார்கள். போர் முடிந்தபோது அது ஆண்மையின் அடையாளமாகிவிட்டது. 'லேடீஸ்' என்ற அடைமொழி நமக்கு மிஞ்சியது.

முல்லைப்பாட்டு நடத்தும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். பாசறையில் அரசனுக்குப் பொழுதளந்து சொல்ல நீர்க்கடிகாரத்தோடு ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருக்கும் தலைவிக்குக் கார்காலமும் விரிச்சியும்தான்.

1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. பொடிப்பொடிப் பாகங்களைப் பொருத்தும் வேலையில் பெண்கள் நிறையப் பேர். பெண் விரலுக்கு நுணுக்கம் அதிகம் என்பார்கள்; இந்தப் பாராட்டு எப்போதும் வேலைப்பலகையோடு நின்றுவிடும்.

அம்மா பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மூன்று நாள் தாமதமாகப் போனால் அரைநாள் விடுப்பு போய்விடும். அதனால்தான் கடிகாரம் வாங்கினாள், தன் சம்பளத்தில், தவணையில். "அடுப்படியில நிக்கறவளுக்கு எதுக்குடி மணி?" என்றாளாம் பாட்டி. அதற்குப் பிறகு அம்மா கைப்பையிலிருந்து எடுத்துப் பஸ் ஸ்டாண்டில்தான் கட்டிக்கொள்வாள்; திரும்பும்போது தெருமுனையில் கழற்றிவிடுவாள். பாட்டி போய்ச் சேர்ந்த பிறகும் முகப்பை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பித்தான் கட்டினாள். டைப் அடிக்கும்போது மேசையில் உரசி அந்தக் கண்ணாடியெல்லாம் கீறல். டைட்டன் ஓசூரிலிருந்து பேட்டரிக் கடிகாரங்களைக் கொண்டுவந்த பிறகும் அவள் மாறவில்லை. காலையில் பால் பொங்குவதற்குள் சாவி கொடுத்துவிடுவாள்.

சேகரிப்பவர்களின் கணக்கில் அந்தக் கீறல் ஒரு பழுது. கடைக்காரர் புதுக் கண்ணாடி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணா என்றேன்.

அன்று அந்த டப்பாவிலிருந்து ஐந்து வாங்கினேன். ஒன்றின் பின்மூடியில் யாரோ ஊசியால் 'ர' என்று கீறியிருக்கிறார்கள். யார் கொண்டுவந்தது என்று அவருக்கு நினைவில்லை. இப்போது என்னிடம் பதினேழு இருக்கின்றன. வாங்கும்போது, தெரிந்தால், கட்டியிருந்தவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன்: நர்ஸ், டெலிபோன் ஆபரேட்டர், இரண்டு டீச்சர். மற்றவை வெறும் கோடுகளாக இருக்கின்றன. இனி யாராவது கொண்டுவந்தால் கேட்டுவைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். "பேரா மேடம், வேலையா?" என்றார். இரண்டும் என்றேன்.