டோக்கியோவில் ஒரு குமாஸ்தாவின் குழம்பு



மகனைப் பார்க்க டோக்கியோ போய் வந்ததிலிருந்து லிஃப்டில் ஏறினால் ஒரே கேள்விதான்: "சார், அங்கே எதைப் பார்க்கணும்?" கோபுரமும் செர்ரிப் பூவும் யூடியூபிலேயே கிடைக்கும். நான் சொல்ல விரும்புவது ஷிஞ்ஜுகு என்ற பேட்டையில் பரிமாறும் ஒரு கோழிக் குழம்பைப் பற்றி. அதில் நம் சுதந்திரப் போராட்டத்தின் ஒரு பக்கம் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய காலத்தில் ஷிஞ்ஜுகு, நெடுஞ்சாலைப் பயணிகள் தங்கிப் போகும் சாவடி ஊர். 1885-இல் ரயில் வந்தது. இன்று உலகிலேயே அதிகக் கூட்டம் உள்ள நிலையம் அதுதான். கொரோனாவுக்கு முன் தினம் சுமார் 35 லட்சம் பேர். நம் கள்ளக்குறிச்சி மாவட்ட ஜனத்தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! வாசல்களே 200-க்கு மேல். தப்பான வாசலில் வெளியே வந்து நானும் வீட்டம்மாவும் முக்கால் மணி நேரம் சுற்றினோம். மேற்குப் பக்கம் மாநகர அரசுக் கட்டடம் இருக்கிறது. 45-ஆவது மாடி, 202 மீட்டர் உயரம், கட்டணம் கிடையாது. வானம் தெளிந்த நாளில் ஃபுஜி மலை தெரியும், கச்சிராயபாளையத்தில் நம் மொட்டை மாடியிலிருந்து கல்வராயன் மலை தெரிகிற மாதிரி.

கிழக்கு வாசலில் வெளியே வந்தால் நகமுராயா என்ற கடை. 1901-இல் சோமா ஐஸோ, சோமா கொக்கோ என்ற தம்பதியர் ரொட்டிக் கடையாகத் தொடங்கியது. அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தவர்தான் ராஷ் பிஹாரி போஸ். போஸ் என்றதும் நேதாஜியை நினைக்காதீர்கள், இவர் அவருக்கு மூத்தவர்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இவர் தலைமை குமாஸ்தா. அதைப் படித்ததும் எனக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது, நானும் பேரேடு எழுதியே ஓய்வு பெற்றவன் ஆயிற்றே! 1912 டிசம்பர் 23-இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்டதே, அதற்குத் திட்டம் போட்டவர் இவர். அன்று ராத்திரி ரயிலிலேயே டேராடூன் திரும்பி, மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி ஆபீஸில் உட்கார்ந்தார். 1915-இல் லாகூர்ப் புரட்சித் திட்டமும் காட்டிக் கொடுக்கப்பட்டதும், கவி தாகூரின் உறவினர் என்று சொல்லி, பி. என். டாகூர் என்ற பெயரில் கப்பலேறி ஜப்பான் போய்ச் சேர்ந்தார்.

பிரிட்டன் விடவில்லை. அது கொடுத்த நெருக்கடியில் ஜப்பான் அரசு, நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவு போட்டது. அப்போது தோயாமா மிட்சுரு என்ற செல்வாக்குள்ள தலைவரின் ஏற்பாட்டில், முன்பின் தெரியாத இந்த ரொட்டிக் கடைக்காரத் தம்பதியர் போஸைக் கடைக்குப் பின்புறம் இருந்த ஓவியக்கூடத்தில் சில மாதங்கள் மறைத்து வைத்தார்கள். கடை ஆட்கள்கூட வாய் திறக்கவில்லை.

வெளியேற்ற உத்தரவு நீங்கிய பிறகும் ஒற்றர் தொல்லை ஓயவில்லை. பாதுகாப்புக்காக சோமா தம்பதியரின் மூத்த மகள் தோஷிகோவை மணம் முடிக்கலாம் என்று தோயாமா யோசனை சொன்னார். பெற்றவர்கள் முடிவை மகளிடமே விட்டார்கள். அவள் சம்மதித்தாள். 1918-இல் கல்யாணம். அப்போது அவளுக்கு இருபது வயதுதான். அடிக்கடி வீடு மாறுவதே குடித்தனமாக இருந்தது. இரண்டு குழந்தைகள். 1923-இல் போஸுக்கு ஜப்பான் குடியுரிமை கிடைத்து, ஒளிவு மறைவில்லாமல் வாழலாம் என்று ஆனபோது அந்தப் பெண்ணுக்கு ஆயுள் இல்லை. 1925-இல் இறந்துபோனாள். சுதந்திரப் போராட்டத்துக்காக யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று கணக்கெழுதினால் இவள் பெயரை எந்தப் பத்தியில் எழுதுவது?

மாமனார் 1927-இல் கடையோடு உணவகமும் திறந்தபோது, இந்தியக் குழம்பு போடலாம் என்று மருமகன் சொன்னார். ஜப்பானில் அதற்கு முன்பே கறி உண்டு. ஆனால் அது வெள்ளைக்காரன் வழியாக வந்தது, கோதுமை மாவு கரைத்துக் கெட்டியாக்கியது. போஸ் கேட்டது எலும்போடு கூடிய கோழி, தனித்தனி மசாலா. விலை 80 சென். நூறு சென் ஒரு யென். மற்ற கடைகளில் கறிச்சோறு 10, 12 சென்தான். ஏறக்குறைய ஏழு மடங்கு விலை வைத்தும் வியாபாரம் அமோகம்! வணிகவியல் படித்த எனக்கே அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

போஸ் ஊர் திரும்பவே இல்லை. 1943 ஜூலை 4-இல் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தார். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது அந்தப் படையில்தான். 1945 ஜனவரி 21-இல் டோக்கியோவில் காலமானார். அதே வருஷம் ஒகினாவா போரில் மகன் மசஹிடேயும் மாண்டான்.

பழைய கடை இருந்த இடத்தில் 2014-இல் புதிய கட்டடம் எழும்பியிருக்கிறது. தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் உணவகம். குழம்பு நம் நாக்குக்குக் காரம் கம்மி, ஆனால் மசாலா மணம் இருக்கிறது. சைவர்கள் எங்கே போனாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், அந்த ஊரில் காய்கறிச் சாற்றிலும் மீன் இருக்கும். மூன்றாவது மாடியில் சிறிய ஓவியக் காட்சிக்கூடம் இருக்கிறது. நகமுரா ட்சுனே என்ற ஓவியர், கல்யாணத்துக்கு முன் தோஷிகோவை உட்கார வைத்து 1914-இல் வரைந்த 'சிறுமி' என்ற படம் அவர்கள் சேகரிப்பில் உள்ளது. நீங்கள் போகிற நாளில் மாட்டியிருந்தால், சாப்பிடுவதற்கு முன் ஒரு நிமிஷம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.