பிறந்த நேரமும் நாடு இருந்த நேரமும்



பரிசளிப்பு நாளில் ஒரு பிள்ளை மேடையேறிக் கோப்பை வாங்கும்போது, கீழே உட்கார்ந்திருப்பவர் சொல்வது நம் காதில் விழும்: "அவன் பிறந்த நேரம் அப்படிங்க! நம்ம புள்ளைக்கு நேரம் சரியில்ல." பிறந்த நேரம் மனிதனின் வாழ்வைத் தீர்மானிக்கிறதா? ஒரு வகையில் ஆமாம். ஆனால் அது பஞ்சாங்கம் சொல்லும் நேரமல்ல; பிறந்தபோது இந்த நாடு இருந்த நேரம். நம் பேராக் மாநிலத்தின் வரலாறே இதற்குச் சான்று.

1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரி சில ரப்பர்க் கன்றுகளை நட்டார். அன்று யாரும் அவற்றைப் பெரிதாக எண்ணவில்லை. பிறகு மோட்டார் வண்டி வந்தது. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் நம் முன்னோரைக் கப்பலேற்றியது. கங்காணி ஆள் சேர்த்த காலத்தில் வாலிபராயிருந்தவர் இங்கே வந்தார். 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்திய பின் வாலிபரானவர் ஊரிலேயே தங்கினார். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் இரண்டு நாட்டுக்காரர்களானது இப்படித்தான்.

1919-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். தந்தையார் வீராசாமி ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தார். ஆகவே மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படிக்க முடிந்தது.

அதே ஆண்டில் லயத்தில் பிறந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்திருக்கும். படிப்போ பெரும்பாலும் நாலாம் வகுப்போடு சரி. பதினொரு வயதில், 1930-இல், ரப்பர் விலை விழுந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இங்கேயே தங்கியிருந்தால், 1942-இல் ஜப்பானியர் ஆட்சி. இருபத்து மூன்று வயது இளைஞன். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தவர்கள் தேடியது அந்த வயதுக்காரர்களைத்தான். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்குப் போன பல்லாயிரம் தமிழர் திரும்பவே இல்லை. தப்பி வந்தவனுக்கு அடுத்தது அவசர காலம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அது மூண்டது. 1960 வரை நீடித்தது. இந்த மனிதன் முன்னுக்கு வரவில்லை என்றால், அதை அவன் மூளையின் குறை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இன்னொரு தேதியைப் பாருங்கள். ஒரே லயத்தில் இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 1957 ஆகஸ்ட் 30-இல் பிறந்தது. மற்றொன்று மறுநாள், மெர்டேக்கா அன்று பிறந்தது. மறுநாள் பிறந்த பிள்ளைக்கு அரசியலமைப்புச் சட்டப்படி குடியுரிமை தானாகவே கிடைத்தது. முதல் நாள் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் இருவரும் இந்தியாவில் பிறந்தவர்களாயின், பெரும்பாலும் மனுப் போட வேண்டியிருந்தது. ஒரே ஒரு ராத்திரிதான் வித்தியாசம்! 1962 அக்டோபர் முதல் விதி மேலும் இறுகியது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று.

1968-இல் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று சட்டம் வந்தது. சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்கள் அப்போதுதான் விழித்தார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள், குடும்பங்கள் பிரிந்தன. மெர்டேக்காவுக்குப் பின் ஓராண்டு வரை, இந்நாட்டில் பிறந்தவர்கள் மலாய் மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்கு மனுச் செய்ய வாய்ப்பிருந்தது. "ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று ஈப்போவுக்குப் போகாமல் இருந்தவர்களும் உண்டு; விஷயமே தெரியாதவர்களும் உண்டு.

படிப்பிலும் இப்படியே. 1964 வரை ஆறாம் வகுப்புக்குப் பின் நுழைவுத் தேர்வு இருந்தது. தேறாதவன் இடைநிலைப் பள்ளி வாசலை மிதிக்க முடியாது. 1965-இல் அந்தத் தடை நீங்கியது. ஓராண்டு முந்திப் பிறந்த அண்ணன் மரம் வெட்டப் போனான். ஓராண்டு பிந்திப் பிறந்த தம்பி புகுமுக வகுப்புக்குப் போனான். தம்பி கெட்டிக்காரன், அண்ணன் மக்கு என்று முடிவு கட்டலாமா?

அப்படியானால் எல்லாம் காலத்தின் கையில்தான், முயற்சி வீண் என்று எண்ணிவிடாதீர்கள். 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் சொற்பச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. நல்ல சூழ்நிலையில் பிறந்தவர் அதைப் பிறருக்கும் பயன்படச் செய்தார். கெட்ட நேரத்தில் பிறந்தவர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கு நல்ல நேரத்தை உண்டாக்கினார்கள். காலம் தானாக மாறவில்லை, மனிதர் சேர்ந்து மாற்றினார்கள்.

பெற்றோர்களே, குழந்தை பிறந்தால் ஜாதகம் எழுதுவதற்கு முன் பிறப்புப் பத்திரம் எடுத்துவிடுங்கள். காலந்தாழ்த்தாமல் பதியுங்கள். அடையாளக் கார்டைப் பத்திரமாக வையுங்கள். ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் வாழ்க்கை இழந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

பரிசு பெறும் மாணவச் செல்வங்களே, உங்கள் உழைப்பைப் பாராட்டுகிறோம். அதே வேளையில், உங்கள் தாத்தா பாட்டி எந்த ஆண்டில் பிறந்தார்கள், பத்து வயதில் என்ன செய்தார்கள் என்று இன்றிரவே கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். உங்களைவிட அறிவாளியான ஒருவர், பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் பேர் கொடுத்து நின்றதோடு வாழ்வை முடித்திருப்பார். அவருக்குக் கிடைக்காத கோப்பையையும் சேர்த்துத்தான் இன்று நீங்கள் வாங்குகிறீர்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!